சாயங்கால பேட்ச்ல சிசிஎன்ஏ (சிஸ்கோவோட நெட்வொர்க் சர்டிஃபிகேட்) படிக்கலாங்களா? வயசு 35, இப்ப பாக்கறது சிசிடிவி வேலை (கோவை)

கோவை_கேமராக்காரன்:

வணக்கம்ங்க எல்லாத்துக்கும். ஊரு கோயமுத்தூரு, கணபதி பக்கம். ஸ்கூல் தமிழ் மீடியம், அப்புறம் டிப்ளமோ ஈஈஈ. மில்லுல மெயின்டனன்ஸ்ல கொஞ்ச வருசம் இருந்துட்டு சிசிடிவி லைனுக்கு வந்துட்டனுங்க. கேபிள் இழுக்கறது, ஏணி போட்டு கேமரா மாட்டறது, என்விஆர் (கேமரா படத்த ரெக்கார்டு பண்ற பெட்டி) செட் பண்றது, கடைசில பார்ட்டி போன்ல ஆப் ஏத்தி அவரு சம்சாரம் போன்லயும் ஏத்திக் குடுக்கறது வரைக்கும் எல்லாம் நாந்தான்.

வேலை பாக்கப் பாக்க கேமராவ விட நெட்வொர்க்குதான் தலைவலின்னு தெரிஞ்சு போச்சுங்க. ஒரு சைட்ல போர்ட் ஃபார்வேர்டிங் (வெளிய இருந்து கேமரா பாக்க ரவுட்டர்ல வழி விடறது) எப்படிப் போட்டாலும் வெளிய இருந்து ஓப்பனே ஆகல, ரவுட்டர்ல பாத்தா வேன் (WAN) ஐபி, அதாவது வெளிப்பக்க ஐபி, 100-ல ஆரம்பிக்குது, பிராட்பேண்ட்காரங்களுக்கு போன் போட்டா ஸ்டேட்டிக் ஐபி (மாறாத ஐபி) தனியா வாங்கிக்கங்கன்னு சொல்லி வெச்சுட்டாங்க. ஏன் அப்படின்னு சொல்ல ஆளில்ல. அப்பத்தான் இத முறையா படிச்சுப்புடலாம்னு தோணுச்சு. ஏணி ஏறி எறங்கி முட்டி வேற பேச ஆரம்பிச்சிருச்சு, இன்னும் 20 வருசம் இதே வேலை ஓடாதுங்க.

காந்திபுரத்துல ஒரு இன்ஸ்டிட்யூட்ல விசாரிச்சேன். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ராத்திரி 7 டு 9 பேட்ச். சிசிஎன்ஏ, அதுக்கு அடுத்த லெவல் சிசிஎன்பி, ஃபயர்வால், கிளவுட் எல்லாம் சேத்து ஒரே பேக்கேஜு, 45 ஆயிரம், 100 சதவீதம் பிளேஸ்மெண்ட்டுங்கறாங்க, இன்னைக்கே கட்டுனா 5 ஆயிரம் கம்மியாம். அட்மிஷன் கவுன்சிலிங் பண்ற புள்ள தினமும் ரெண்டு தடவை கூப்புடுது.

பகல் பூரா வேலை பாத்துட்டு அந்நேரத்துக்குப் போயி உக்காந்தா மண்டைல ஏறுங்களா? நெட்வொர்க் ப்ளஸ்னு இன்னொண்ணு சொல்றாங்க, அதா இதா? பரீட்சை தமிழ்ல கிடையாதாமே. 35 வயசுல ஃப்ரெஷர்னு போயி நின்னா எவன் எடுப்பான்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேக்கெட்_பாண்டி:

அண்ணே வணக்கம், மதுரைக்காரன், இப்ப சென்னைல டேட்டா சென்டர்ல இருக்கேன். மொதல்ல அந்த 100 மேட்டர முடிச்சு விட்டுர்றேன். 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள ஐபி எல்லாம் சிஜிநாட் (CGNAT)-ங்கற முறைக்குன்னே ஒதுக்கி வச்சது. ஐபிவி4 அட்ரஸ் பத்தலன்னு பிராட்பேண்ட் கம்பெனி ஒரே பப்ளிக் ஐபிய பல வீட்டுக்கு பங்கு போட்டுக் குடுக்குறான், நாட் (உள் ஐபிய பப்ளிக் ஐபியா மாத்துறது) நடக்குறது அவன் பெட்டில, அதனால ஒங்க ரவுட்டர்ல நீங்க என்ன போர்ட்ட தொறந்தாலும் வெளிய இருந்து வர்றவன் அவன் பெட்டியத் தாண்டி வர மாட்டான். அம்புட்டுதான். இந்த மாதிரி விசயத்துல கைய வச்சுட்டு ஏன்னு கேக்குற ஆளு பாதி கோர்ஸ முடிச்ச மாதிரிதான்.

இப்ப பேக்கேஜுக்கு வருவோம். சிசிஎன்ஏ ஒரே பரீட்சை, 200-301, 2 மணி நேரம், 300 டாலர், அதுக்கு மேல ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 30 ஆயிரத்த தொட்டுரும். சிசிஎன்பி ரெண்டு பரீட்சை, கோர் 400 டாலர், கூட ஒரு கான்சென்ட்ரேஷன் (நாம தேர்ந்தெடுக்குற ஸ்பெஷல் பாடம்) 300 டாலர். அந்த 45 ஆயிரத்துக்குள்ள இதெல்லாம் அடங்கும்னு நெனைக்கிறீகளா? அடங்காது. பரீட்சை ஃபீஸ் தனின்னு ரசீதுல பொடி எழுத்துல போட்டிருப்பான், கேளுங்க. அப்பறம் சிசிஎன்ஏவே ஒழுங்கா ஏறாத ஆளுக்கு சிசிஎன்பி நடத்தி என்ன ஆகப்போகுது, அது வேலைல நாலு காசு பாத்ததுக்கப்பறம் படிக்க வேண்டியது. ஃபயர்வாலுக்கு, அந்தப் பெட்டி செய்யுற ஃபோர்டிநெட் கம்பெனிக்காரனே அவன் சைட்ல செல்ஃப் ஸ்டடி பாடத்த ஓசிக்கு வச்சிருக்கான்.

100 சதவீதம் பிளேஸ்மெண்ட்னா என்னன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நாலு கம்பெனி இன்டர்வியூக்கு அனுப்புறதத்தான் பிளேஸ்மெண்ட்னு பல எடத்துல சொல்றாய்ங்க. இன்னொரு கூத்து, 3 வருச எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் போட்டுத் தர்றோம்னு சொன்னா அந்த வாசல் படியே மிதிக்காதீக. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல மாட்டி, சேந்த வேலையும் போன பசங்கள நான் கண்ணால பாத்திருக்கேன்.

நெட்வொர்க் ப்ளஸ் காம்ப்டியாங்கற அமெரிக்க அமைப்போடது, எந்த கம்பெனி பெட்டியையும் சாராதது, 90 நிமிசம், அதிகபட்சம் 90 கேள்வி, 900-க்கு 720 எடுத்தா பாஸு. பாடம் நல்ல பாடம்தான். அமெரிக்கால ராணுவத் துறை வேலைக்கெல்லாம் காம்ப்டியா கேக்குறாங்க. நம்மூர்ல வேலை விளம்பரத்துல பாத்தீங்கன்னா சிசிஎன்ஏன்னுதான் போட்டிருக்கும், எச்ஆர் தேடுறதும் அந்த நாலு எழுத்தத்தான். நேரா அதுக்கே போயிருங்க.

ஓசிப்_படிப்பாளி:

எதுக்கு தலைவா கிளாஸு? யூடியூப்ல முழு சிசிஎன்ஏவும் லேப்போட கெடக்குது, தமிழ்லயே நடத்துறவங்களும் இருக்காங்க. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமில அக்கவுண்ட் போட்டா பேக்கெட் ட்ரேசர் (கம்ப்யூட்டர்லயே நெட்வொர்க் லேப் பண்ற சாஃப்ட்வேர்) இலவசம், நெட்வொர்க்கிங் பேசிக்ஸ் கோர்ஸும் இலவசம். அதுக்கு மேல வேணும்னா அதே மாதிரி ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி. என்பிடெல்ல ஐஐடி ப்ரொஃபசர் பாடமே கெடக்குது, சும்மா பாக்கறதுக்கு காசு இல்ல. 45 ஆயிரத்த குடுத்துட்டு எவனோ அதே வீடியோவ பாத்துட்டு வந்து போர்டுல எழுதறத பாக்கறதுக்கு நம்ம வீட்ல ஃபேன் போட்டு பாக்கலாம். நான் கிளாஸ் பக்கமே போகாம பாஸ் பண்ணவன்.

சாயங்கால_வாத்தியார்:

ஓசி தம்பி, நீங்க பாஸ் பண்ணப்ப வயசு என்ன, வீட்ல எத்தனை பேரு? சண்டைக்கு கேக்கல. நான் திருச்சில ராத்திரி பேட்ச் எடுக்கறவன். எங்கிட்ட வர்றவங்கள்ல ஏடிஎம் சர்வீஸ் பாக்கறவர் இருக்காரு, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கறவர் இருக்காரு, பிராட்பேண்ட் லைன்மேன் ரெண்டு பேரு, பேங்க்ல கான்ட்ராக்ட்ல பிரிண்டர் பாக்கற பொண்ணு ஒண்ணு. எல்லாருமே மொதல்ல யூடியூப்ல ஆரம்பிச்சவங்கதான். சப்நெட்டிங் (ஐபி அட்ரஸ துண்டு துண்டா பிரிக்கற கணக்கு) வந்ததும் வீடியோ நின்னு போயிருது, பிள்ளை அழுவுது, கஸ்டமர் கூப்புடறாரு, மறுபடி மொத வீடியோல இருந்து. கிளாஸ்னு ஒண்ணு இருந்தா அந்த 2 மணி நேரம் வீட்ல யாரும் தேட மாட்டாங்க, காசு கட்டியாச்சுங்கற பயமும் இருக்கும். பாதி ஃபீஸு அதுக்குத்தான்னு வெச்சுக்கோங்க.

மீதி பாதி எதுக்குன்னா உங்க லேப்ப வேற ஒருத்தன் கெடுத்து வெக்கறதுக்கு. இது தனியா உக்காந்து பேக்கெட் ட்ரேசர்ல பண்றப்ப கெடைக்காது, ஏன்னா எங்க தப்புன்னு உங்களுக்கே தெரியும். நான் என்ன பண்ணுவேன்னா ரெண்டு ரவுட்டர்ல ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டருங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கற முறை) போட்டு நெய்பர் வந்துருச்சுன்னு எல்லாரும் சந்தோசமா டீக்கு போவாங்க பாருங்க, அப்ப ஒரு பக்கம் மட்டும் ஹலோ டைமர (எத்தனை செகண்டுக்கு ஒருக்கா ஹலோ அனுப்பணும்ங்கறது) 10-ல இருந்து 15 ஆக்கி விட்டுருவேன். திரும்பி வந்து பாத்தா நெய்பர் டேபிள் காலி. பிங் போகும், கேபிள் நல்லா இருக்கும், லைட் எரியும், ஐபி சரி, ஏரியா நம்பர் சரி. ஒருத்தர் கேபிள மாத்துவாரு, ஒருத்தர் ரவுட்டர ரீஸ்டார்ட் பண்ணலாம்பாரு, முக்கால் மணி நேரம் கூத்து நடக்கும். கடைசில யாராவது ஒருத்தர் ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ் அடிச்சு ரெண்டு ஸ்கிரீனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரி வரியா பாத்து, சார் இங்க 15 அங்க 10-னு கத்துவாங்க. அன்னைக்கு படிச்சது சாகற வரைக்கும் மறக்காது. ஹலோவும் டெட் டைமரும் (ஹலோ வரலன்னா எவ்ளோ நேரம் பொறுக்கணும்ங்கறது) ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு புக்குல ஒரே ஒரு வரிதான், படிச்சுட்டு எல்லாரும் தாண்டிப் போயிருவாங்க.

அதனால கோவை தம்பி, எந்த இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனாலும் ஃபீஸ் பத்தி பேசறதுக்கு முன்னாடி லேப்ப காட்டுங்கன்னு கேளுங்க. உள்ள ஓடிக்கிட்டு இருக்கற ஒரு பேட்ச்ல ஒரு நாள் பின்னாடி உக்கார விடச் சொல்லுங்க, டெமோ கிளாஸ்னு தனியா நடத்தறத நம்பாதீங்க, அதுக்குன்னே நல்லா பேசற ஒருத்தர வெச்சிருப்பாங்க. புது மாடல் சாமான் இல்லன்னாலும் பரவால்ல, பழைய சிஸ்கோ 2960 ஸ்விட்ச் நாலு இருந்தாலே விலான் (ஒரே ஸ்விட்ச்ச தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கறது), ட்ரங்க் (பல விலான ஒரே கேபிள்ல கொண்டு போறது), ஸ்பேனிங் ட்ரீ (லூப் ஆகாம தடுக்கறது) எல்லாம் கைய வெச்சு பழகலாம். ஒரு ஆளுக்கு ஒரு கன்சோல் கேபிள் (ஸ்விட்ச்ச நேரா கம்ப்யூட்டரோட இணைக்கறது) கைக்கு வருதா, இல்ல எட்டு பேரு சேந்து ஒருத்தர் அடிக்கறத வேடிக்கை பாக்கணுமா, அதப் பாருங்க.

மண்டைல ஏறுமான்னு கேட்டீங்க. நீங்க சிசிடிவி ஆளு, மத்தவங்கள விட உங்களுக்கு சீக்கிரம் ஏறும். ஒரு கடைல 16 கேமரா மாட்டறீங்க, கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ்னு வெச்சா 64 ஆச்சு, அத கொண்டு போயி பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கற அதே 100 எம்பிபிஎஸ் லிங்க்ல சேத்து விட்டா பில்லு போட நேரமாவுதுன்னு ஓனர் கத்தறாரா இல்லையா? விலான் தனியா பிரிச்சாலும் அப்லிங்க் (மேல போற மெயின் லைன்) அதேதான்னா நெரிசல் அப்படியேதான் இருக்கும், அப்ப க்யூஓஎஸ்ஸா (முக்கியமான ட்ராஃபிக்குக்கு முன்னுரிமை குடுக்கறது) ஜிகாபிட் அப்லிங்கான்னு யோசிக்கணும். பிஓஈ (நெட்வொர்க் கேபிள்லயே கரண்ட் குடுக்கறது) பட்ஜெட், கேபிள் நீளத்துக்கு 100 மீட்டர் கணக்கு, விலை கம்மின்னு காப்பர் பூசுன அலுமினிய கேபிள போட்டு ராத்திரி ஐஆர் லைட் எரியறப்ப மட்டும் கேமரா ஆஃப் ஆகறது, இதெல்லாம் நீங்க பாத்ததுதானே. இன்ஜினியரிங் முடிச்சுட்டு வர்ற பையனுக்கு இது ஒண்ணும் தெரியாது. ஆர்ஜே45 கிரிம்ப் பண்ண குடுத்தா வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சைக்கு அப்புறம் பச்சைய சொருகிட்டு நிப்பான், நடுவுல நீலம் வரணும்னு நீங்க தூக்கத்துல கூட சொல்லுவீங்க.

சும்மா ஒரு கணக்கு குடுக்கறேன், யோசிச்சுட்டு வாங்க. கேட்வே (வெளிய போற வாசல்) 192.168.10.1, மாஸ்க் (சப்நெட் எவ்ளோ பெருசுன்னு சொல்றது) 255.255.255.192. கேமராவுக்கு 192.168.10.70 போட்டு அதே மாஸ்க், அதே கேட்வே குடுத்திருக்கு. கேமராவுல இருந்து கேட்வே பிங் ஆகல. ஏன்?

நைட்ஷிஃப்ட்_நிலா:

வாத்தியார் சொன்னதுல எல்லாம் சரி, ஆனா வேலை கெடைச்ச பின்னாடி என்னன்னு யாரும் சொல்லல, அத நான் சொல்றேன். நான் பிஎஸ்சி மேத்ஸ், கல்யாணத்துக்கு அப்புறம் நாலஞ்சு வருசம் வீட்ல இருந்துட்டு சாயங்கால பேட்ச்ல படிச்சு இப்ப என்ஓசி-ல (நெட்வொர்க்க கண்காணிக்கற சென்டர்) இருக்கேன். மொத வேலை அனேகமா என்ஓசி எல்1-ஆ (மொத லெவல்) இருக்கும், இல்லன்னா சிஸ்டம் இன்டகிரேட்டர் கம்பெனில ஃபீல்ட் இன்ஜினியர். எல்1-னா 24 மணி நேர ஷிஃப்ட், ஸ்கிரீன்ல அலாரம் வந்தா டிக்கெட் போடணும், லிங்க் டவுன்னா சர்வீஸ் புரவைடருக்கு போன் போட்டு எஸ்கலேட் பண்ணணும், விடிகால 3 மணிக்கு அவங்க எடுக்கவே மாட்டாங்க, அது வேற கதை. கான்ஃபிகரேஷன்ல கைய வெக்க விட கொஞ்ச காலம் ஆகும். சம்பளம் இப்ப நீங்க சிசிடிவில எடுக்கறத விட கம்மியா கூட இருக்கலாம் அண்ணா, இத அண்ணிகிட்ட இப்பவே பேசி வெச்சுருங்க. வேலை கெடைச்சதும் சொல்லிக்கலாம்னு விட்டா அப்ப வீட்ல பெரிய ரகளை ஆகும். ஷிஃப்ட்டும் அப்படித்தான், என் வீட்ல மாமியார் சப்போர்ட் இல்லன்னா என்னால முடிஞ்சே இருக்காது.

வயசப் பத்தி யாரும் பெருசா கேக்கல. இன்டர்வியூல எங்கிட்ட கேட்டது இதான், ஒரு ட்ரங்க்ல விலான் 10, 20 போயிட்டு இருக்கு, 30-அயும் சேக்கணும், என்ன கமாண்ட் அடிப்பேன்னு. ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் 30-னு மட்டும் அடிச்சா 10-உம் 20-உம் போயிடும், 30 மட்டும்தான் நிக்கும், ஒரு ஃப்ளோர் மொத்தமா டவுன் ஆயிரும். நடுவுல ஆட்-னு போடணும். இத சரியா சொன்னதுக்கே அந்த சார் அடுத்த ரவுண்டுக்கு அனுப்பிட்டாரு. டம்ப்ஸ் (வெளிய கசிஞ்ச பரீட்சை கேள்வி பதில்) மனப்பாடம் பண்ணிட்டு வந்தவங்க பல பேரு இதுல திணறுவாங்க. டம்ப்ஸ் பக்கம் போகாதீங்க, சிஸ்கோ கண்டுபிடிச்சா சர்டிஃபிகேட்ட கேன்சல் பண்ணி பரீட்சை எழுதவே தடை போடுவாங்க, அது போக இப்ப பரீட்சைலயே லேப் கேள்வி வருது, கமாண்ட் அடிச்சு காட்டணும். ஒரு கேள்விய தாண்டிட்டா திரும்பி வர முடியாது, அதையும் ஞாபகத்துல வெச்சுக்கங்க.

பரீட்சை இங்கிலீஷும் ஜப்பானீஸும்தான், தமிழ் இல்ல. நானும் தமிழ் மீடியம்தான் அண்ணா. அந்த இங்கிலீஷ் கதைப் புத்தக இங்கிலீஷ் கிடையாது, திரும்பத் திரும்ப அதே கொஞ்சம் வார்த்தைங்கதான். தினமும் கொஞ்சம் கேள்விய வாய்விட்டு படிச்சாலே பழகிரும்.

முக்கியமா ஒண்ணு. பியர்சன் வியூல (பரீட்சை நடத்தற கம்பெனி) ரிஜிஸ்டர் பண்றப்ப பேரு ஐடில இருக்கற மாதிரியே இருக்கணும். நம்மாளுங்களுக்கு இனிஷியல்தான் எமன். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு கேக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கும், ஆதார்ல ஒத்த எழுத்து முன்னாடி இருக்கும், லைசென்ஸ்ல பின்னாடி இருக்கும். எந்த ஐடிய கொண்டு போகப் போறீங்களோ அதுல இருக்கறத பாத்து அக்கவுண்ட் போடுங்க. எங்க பேட்ச்லயே ஒருத்தர சென்டர் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க, பாவம் அவ்ளோ காசு.

தேக்கா_தமிழன்:

சிங்கப்பூர்ல இருந்து. இங்க ராத்திரி கிளாஸ்ல 50 வயசுக்காரங்களே சர்வசாதாரணமா உக்காந்திருப்பாங்க, 40 வயசுக்கு மேல உள்ள சிட்டிசனுக்கு 2024 மே மாசத்துல இருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர்ங்கற படிப்பு உதவித் திட்டத்துல கூடுதலா 4000 வெள்ளி கிரெடிட் கவர்மெண்டே போட்டுருக்கு, கோர்ஸ் ஃபீஸ் அதுலயே கழியும். ஒர்க் பெர்மிட்ல இருக்கற நம்ம ஊரு பசங்களுக்கு அது கிடையாது, ஞாயித்துக்கிழமை டார்மிட்டரில லேப்டாப் வெச்சு படிக்கறாங்க. கோவைக்காரருக்கு ஒண்ணு, சிசிஎன்ஏ 3 வருசம்தான் செல்லும், அதனால பாஸ் பண்ணிட்டு வேலை தேடாம வெச்சிருக்காதீங்க. புதுப்பிக்க 30 கிரெடிட் சேக்கணும், இல்லன்னா இன்னொரு பரீட்சை எழுதணும்.

ஓசிப்_படிப்பாளி:

வாத்தியாரே, அப்ப எனக்கு வயசு 21, ஹாஸ்டல். சரி ஒத்துக்கறேன். ஆனா 45 ஆயிரம் அதிகம்தான்.

கோவை_கேமராக்காரன்:

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. லேப்ப காட்டுங்கன்னு கேளுங்கன்னீங்கள்ல, நேத்து போயி கேட்டனுங்க. கண்ணாடி ரூமுக்குள்ள ரேக்கு ஜம்முனு நிக்குது, ஸ்விட்ச்சு ரவுட்டரு எல்லாம் அடுக்கி வெச்சிருக்காங்க. பக்கத்துல போயி பாத்தா ஒரு பெட்டிக்கும் பவர் கேபிள் சொருகல, பேட்ச் பேனல்ல ஒரு பேட்ச் கேபிள் கூட இல்ல. நம்ம தொழிலே அதானுங்களே, கண்ணு அங்கதான் போகும். ஆன் பண்ணிக் காட்டுங்கன்னேன், சாவி மேனேஜர்கிட்ட இருக்குதுன்னாங்க. ஓடற கிளாஸ்ல உக்காரலாமான்னதுக்கு பாலிசி இல்லையாம். வந்துட்டேன்.

இன்னொரு எடம் கேள்விப்பட்டேன், நம்ம கோவை ராமநாதபுரத்துல ஒருத்தரு மாடில சின்னதா நடத்தறாரு, சிசிஎன்ஏ மட்டுந்தான், 18 ஆயிரம், பரீட்சை ஃபீஸ் நீங்களே கட்டிக்கங்கன்னு அவராவே சொல்லிட்டாரு, பிளேஸ்மெண்ட்டெல்லாம் எங்கிட்ட இல்லீங்க, தெரிஞ்ச எடத்துல சொல்லி வேணா விடறேன்னாரு. ஆறு பேரு உக்காந்திருந்தாங்க, டேபிள் மேல பழைய ஸ்விட்ச்சுக ஃபேன் சத்தத்தோட ஓடிட்டிருந்துச்சு, அவனவன் கையில நீலக் கலர் கன்சோல் கேபிளு. அங்கதான் சேரலாம்னு இருக்கறனுங்க. வீட்லயும் பேசிட்டேன். ஷிஃப்ட்டுக்கு மூஞ்சி சுருங்குச்சு, ஏணி எறங்குனா சரின்னுட்டா. சிசிடிவிய ஒரேடியா விடாம ஞாயித்துக்கிழமை சர்வீஸ் கால் மட்டும் பாக்கலாம்னு ஒரு கணக்கு.

வாத்தியார் சாருக்கு பதிலு: 192-ங்கற மாஸ்க்குன்னா 64, 64-ஆ பிரியுது, மொதல்ல 0-ல இருந்து 63, அடுத்தது 64-ல இருந்து 127. கேட்வே 1 மொத வீட்ல இருக்குது, கேமரா 70 ரெண்டாவது வீட்ல இருக்குது. கரெக்ட்டுங்களா? கேமராவுக்கு மாஸ்க்க 255.255.255.0 ஆக்கி விட்டா ஓடிருமுங்களா, சைட்ல நாங்க அப்படித்தான் பண்ணுவோம்.

சாயங்கால_வாத்தியார்:

கரெக்ட். அந்த 18 ஆயிரத்த கட்டிருங்க, மூணு தவணையா கேட்டுப் பாருங்க, தருவாரு.

மாஸ்க்க கேமராவுல மட்டும் மாத்துனா கேமரா, கேட்வே நம்ம வீட்லதான் இருக்குன்னு நெனச்சு நேரா ஏஆர்பி கேக்கும் (இந்த ஐபி யாருதுன்னு அதே நெட்வொர்க்குல கேக்கறது). ஆனா கேட்வேய பொறுத்தவரைக்கும் 70 வெளி ஆளு, அதுகிட்ட 64 சப்நெட்டுக்கு வேற ரூட்டு இருந்துச்சுன்னா பதில அந்தப் பக்கம் அனுப்பிரும். சில பெட்டில ஏஆர்பிக்கே பதில் வராது, சில பெட்டில ஒரு வழி மட்டும் ஓடும், பார்ட்டி இன்னைக்கு வருது நாளைக்கு வரலன்னு போன் போட்டுக்கிட்டே இருப்பாரு. கேமராவுக்கு 2-ல இருந்து 62-க்குள்ள காலியா இருக்கற ஐபி ஒண்ணக் குடுத்து, அத டிஹெச்சிபி பூல்ல (ரவுட்டர் தானா குடுக்கற ஐபி பட்டியல்) இருந்து விலக்கி வெச்சுருங்க. விலக்கலன்னா கொஞ்ச நாள்ல அதே ஐபிய யாராவது ஒருத்தர் போன் வாங்கிட்டு உக்காந்திருக்கும்.